'அளப்பரிய': பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

போன மாதம் ஒரு பணிநிறைவு விழா. மேடைக்குப் பின்னால் பத்தடி ஃபிளெக்ஸில் 'அளப்பறியப் பணியாற்றிய ஐயா அவர்களுக்கு' என்று இருந்தது. ஒரே சொல்லில் இரண்டு பிழை. பாயசம் குடிக்கும்போதும் கண் அங்கேயே போனது.

படி 1: பிரித்துப் பாருங்கள்

அளப்பு + அரிய. பின்னால் உயிரெழுத்து வந்ததும் 'பு'வின் உகரம் ஓடிவிடும். மிச்சமிருக்கும் 'ப்' அகரத்தோடு சேர, 'அளப்பரிய'. இங்கே அரிய என்றால் கடினமான. அளக்க முடியாத அளவுக்குப் பெரியது என்று பொருள். 'றி' போட்டால் அது 'தெரிந்துகொள்ள' என்கிற 'அறிய' ஆகிவிடும். சந்தேகம் வந்தால் 'அருமை'யை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த அருமையும் அளவும் சங்க காலத்திலேயே கைகோத்தவை. குறுந்தொகை 3ஆம் பாட்டில் தலைவி தன் காதலை நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, 'நீரினும் ஆரளவின்றே' என்கிறாள். நீரின் ஆழத்தைவிட அளக்க அரிதாம். அருமை + உயிர் 'ஆருயிர்' ஆவதுபோல, அருமை + அளவு 'ஆரளவு'. நம் ஃபிளெக்ஸ் சொல்லுக்குப் பாட்டி முறை!

படி 2: ஒற்றெழுத்தை (புள்ளி வைத்த எழுத்தை) விட்டுவிடுங்கள்

'பெரிய பையன்' என்றுதானே எழுதுகிறோம்? அதே மாதிரி 'அளப்பரிய பணி'. நடுவில் 'ப்' கூடாது. ஆனால் 'எண்ணிலடங்காப் புகழ்', 'அளவில்லாக் கருணை' என்றால் ஒற்று வேண்டும்; அங்கே 'அடங்காத', 'இல்லாத' என்பவற்றின் கடைசி 'த' விழுந்திருக்கிறது.

படி 3: எண்ண முடிகிற பொருளா?

அன்பு, ஆற்றல், தியாகம், பணி: இவற்றுக்கு அளப்பரிய. ஆட்கள், விண்மீன்கள், கடிதங்கள்: இவற்றுக்கு எண்ணற்ற. 'அளப்பரிய மக்கள் திரண்டனர்' என்று செய்தியில் படித்தால் எனக்கு இஞ்ச் டேப்தான் ஞாபகம் வரும். 'அளவுக்கு மீறிய' என்பதைப் பாராட்டில் கொண்டுவந்து வைக்காதீர்கள், அது குறை சொல்வது.

படி 4: இடம் பாருங்கள்

வாழ்த்துமடல், மேடைப்பேச்சு, இரங்கல் செய்தி என்றால் பொருந்தும், ஒரு பக்கத்துக்கு ஒருமுறை போதும். வீட்டுப் பேச்சில் 'சொல்லி மாளாது', 'கொள்ளைப் பிரியம்' இருக்கவே இருக்கின்றன. அம்மாவிடம் போய் 'உங்கள் அன்பு அளப்பரியது' என்று சொல்லிப் பாருங்கள், "எவ்வளவுடா வேணும்?" என்றுதான் கேட்பார்.