பள்ளி கவுன்சலிங்குக்குப் பணம் வாங்குவது எப்படி

கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் ரீஇம்பர்ஸ்மென்ட் அனலிஸ்ட்டாக இருக்கிறேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு நடக்கும் கவுன்சலிங்குக்கான பணத்தை மெடி-காலிடமிருந்தும் (வருமானம் குறைந்தவர்களுக்கான கலிஃபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடு) தனியார் இன்சூரன்ஸிடமிருந்தும் வாங்கித் தருவதுதான் வேலை. பி.காம். முடித்து இங்கே வந்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மெடிக்கல் கோடிங் சர்ட்டிபிகேட் வேணுமா?" இருந்தால் நல்லது. ஆனால் எக்செலில் கை ஓட வேண்டும். கவுன்சலர்களிடம் முகம் சுளிக்காமல் கேட்டதையே திரும்பக் கேட்கத் தெரிய வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் சர்ட்டிபிகேட் மட்டும் வைத்து ஒன்றும் ஆகாது.

முதலில், இந்தப் பணம் எந்தப் பையிலிருந்து வரும் என்று பிரியுங்கள். சிறப்புக் கல்விக்காக ஐ.இ.பி. (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிய கல்வித் திட்டம்) இருக்கும் பிள்ளைக்கு, அந்தத் திட்டத்தில் எழுதியிருக்கும் கவுன்சலிங் என்றால் எல்.இ.ஏ. பில்லிங் ஆப்ஷன் வழி; பள்ளி மாவட்டம் மெடி-காலுக்குப் பில் போடும் பழைய திட்டம் அது. ஐ.இ.பி. சேவைக்கு மெடிக்கெய்ட் (நாடு முழுவதுக்குமான திட்டம்; மெடி-கால் அதன் கலிஃபோர்னியப் பெயர்) பணம் தரலாம் என்று 1988-லேயே சட்டம் வந்துவிட்டது. ஐ.இ.பி. இல்லாமல், மனது சரியில்லை என்று வந்து உட்கார்ந்த பிள்ளை என்றால் 2024-இல் தொடங்கிய சி.ஒய்.பி.எச்.ஐ. (பிள்ளைகள், இளைஞர்களின் மனநலத்துக்கான மாநிலத் திட்டம்) கட்டண அட்டவணை. 25 வயது வரை செல்லும். பெற்றோர் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகாது. இன்சூரன்ஸோடு மாவட்டம் தனியாக ஒப்பந்தம் போடவும் வேண்டாம். கிளெய்ம் (பணம் கேட்டு அனுப்பும் பில்) எல்லாம் மாநிலம் இதற்காக அமர்த்திய கேரலான் என்ற நிறுவனம் வழியாகப் போகும். ஒரே அமர்வை இரண்டு பக்கமும் அனுப்பவே கூடாது.

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியா மாவட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் பெரிய கம்பெனிகள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அட்டையில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் இருக்கும், பணம் கம்பெனியுடையது. அந்தத் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. எனவே அட்டையை மட்டும் நம்பி வரவு எழுதி வைக்காதீர்கள்.

அடுத்தது பெயர். பள்ளிப் பதிவில் கார்சியா-லோபஸ், மெடி-காலில் வெறும் லோபஸ். நம்மூர்ப் பிள்ளைக்கு அப்பா பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயர், இன்னோரிடத்தில் நடுப்பெயர். இப்படிப் போன கிளெய்ம் 31 என்ற மறுப்பு எண்ணோடு திரும்பும்: இவர் எங்கள் உறுப்பினர் என்று அடையாளம் காண முடியவில்லை. மாதாமாதம் தகுதிப் பட்டியலைச் சரிபார்க்கும்போது, பிறந்த தேதி ஒத்துப்போய்ப் பெயர் மட்டும் ஒத்துப்போகாதவர்களைத் தனியே எடுத்து, ஒவ்வொருவராகப் பாருங்கள். அலுப்பான வேலைதான். பணம் அங்கேதான் கிடக்கிறது.

ஐ.இ.பி. சேவைக்குப் பில் போடப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் ஒருமுறை வாங்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் அறிவிப்பு அனுப்பினால் போதும். அவர்கள் மறுத்தாலும் பிள்ளைக்குச் சேவை நிற்கக் கூடாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

இனி கவுன்சலர் எழுதும் நோட். "மாணவியிடம் பேசினேன், இப்போது பரவாயில்லை" என்று ஒரு நோட் வரும். இதை வைத்துத் தணிக்கையில் நிற்க முடியாது. "10:05 முதல் 10:43 வரை, தனி அமர்வு, கவுன்சலர் அறை. தேர்வுக்கு முன் வரும் படபடப்பு. மூச்சுப் பயிற்சி செய்தோம். ஐ.இ.பி. இலக்கு 2. அடுத்த வாரம் வகுப்பில் முயன்று பார்ப்பாள்" என்று இருந்தால் நிற்கும். நேரம் ஏன் முக்கியம் என்றால், தனி உளசிகிச்சையில் 16 முதல் 37 நிமிடம் வரை பில்லில் போடும் கோடு 90832. 38 நிமிடம் ஆனதும் 90834. 16-க்குக் கீழே இந்தக் கோடுகளில் பில்லே கிடையாது. "36-ஐ 38 ஆக்கட்டுமா?" என்று யாராவது கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நீங்களாக அந்த யோசனையைக் கிளப்பவும் வேண்டாம். குழு அமர்வு என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு நோட், அதில் மற்றப் பிள்ளைகளின் பெயர் வரக் கூடாது. நோய்க் கோடை நீங்கள் ஊகித்துப் போடாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை.

பழைய வழியான எல்.இ.ஏ.வில் ஆண்டு முடிவில் செலவோடு கணக்கு நேர் செய்வார்கள். கவுன்சலர்களின் நேரத்தில் எவ்வளவு இந்தச் சேவைக்குப் போகிறது என்று கணக்கிடத்தான், "இந்த நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று தற்செயலாகத் தேர்ந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மின்னஞ்சல் வருகிறது. கவுன்சலர்கள் அதை ஸ்பாம் என்று தள்ளிவிடுவார்கள்; கூப்பிட்டு நினைவூட்டுங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லித் தராதீர்கள். இந்தப் பதில்களைத் தப்பாக வகைப்படுத்தியதில் டெக்சாஸ் 1.89 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று 2017-இல் மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு அறிக்கை கொடுத்தது.

மறுப்புகளை ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். பைவட் டேபிளில் காரணவாரியாகப் பிரியுங்கள். மறுப்பு எண் 16 என்றால் விவரம் குறைகிறது, 18 என்றால் ஏற்கெனவே அனுப்பியது. ஒரே கவுன்சலரிடமிருந்து 16 குவிந்தால் பெரும்பாலும் அவருடைய என்.பி.ஐ. எண் (சேவை தருபவரை அடையாளம் காட்டும் எண்) எங்கோ தப்பாக ஏறியிருக்கும். ஒரு திருத்தத்தில் எல்லாம் சரியாகும். 29 என்றால் கெடு தாண்டிவிட்டது, அதை மீட்பது குதிரைக் கொம்பு. எல்.இ.ஏ. வழியில் மெடி-காலுக்குச் சேவை நாளிலிருந்து 12 மாதம்தான்.

கவுன்சலர்கள் கோடை விடுமுறைக்குப் போனால் ஆகஸ்ட் வரை மெயில் திறக்க மாட்டார்கள். கையெழுத்தில்லாத நோட்டுகளின் பட்டியலை மே முதல் வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். பிரின்சிபாலுக்கு நகல் போட வேண்டாம்; போட்டால் அடுத்த வருஷம் உங்கள் மெயிலையும் ஸ்பாமில்தான் தள்ளுவார்கள்.