பழைய ரோடு சைக்கிளுக்குப் புது ரிம்: குறைந்த செலவில் நாமே மாற்றலாம்

தை அறுவடை சமயத்தில் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குச் சைக்கிளில் போனால் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் டிராக்டர் கேஜ் வீல் உதிர்த்த சேறு கிடக்கும். அடிக்கடி பிரேக் பிடிக்க வேண்டும். சேற்று மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி அலுமினிய ரிம்மைத் தேய்த்துவிடுகிறது. மலையே இல்லாத நம் பக்கத்திலும் ரிம் தேய்வது இதனால்தான்.

பிரேக் கட்டை படும் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழி விழுந்திருக்கிறது. ஆழமாகத் தெரிந்தால் அந்த ரிம்மில் இனி ஓட்டாதீர்கள். ரோடு டயரில் 80 முதல் 100 பிஎஸ்ஐ வரை காற்று அடிக்கிறோம். மெலிந்த பக்கச் சுவர் ஓடும்போதே பிளந்துகொள்ளும்.

இதற்காக முழு வீலையும் வாங்க வேண்டியதில்லை. அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் வீலின் நடுவில் உள்ள ஹப் நன்றாக இருக்கிறது. கரகரத்தால் கழற்றிப் புது பால்ரஸும் கிரீஸும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பால்ரஸ் உருளும் கூம்பு வடிவக் கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ரிம் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் “28 இன்ச்” என்று கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டு, தாத்தா காலத்துச் சைக்கிளின் ரிம்மோடு வீடு திரும்பினேன். அதில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு சைக்கிளின் 700சி அளவு 622. சில 700சி டயர்களிலும் 28 என்றே அச்சடித்திருப்பார்கள், குழப்பம் அங்கேதான் வருகிறது. மிகப் பழைய ரேஸ் சைக்கிள்களில் 27 இன்ச் ரிம் இருக்கும், அது 630. ஆகவே டயரின் பக்கத்தில் 25-622 என்பதுபோல அச்சாகியிருக்கும் எண்ணில், கோட்டுக்குப் பின்னால் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள்.

ஸ்போக்ஸ் கம்பிகளுக்கான ஓட்டைகளையும் எண்ணுங்கள், பெரும்பாலும் 32 அல்லது 36 இருக்கும். அப்புறம் ஈஆர்டி. கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சின்ன நட்டுதான் நிப்பிள். அதன் தலை உட்காரும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை உள்ள விட்டமே ஈஆர்டி. பழையதற்கும் புதியதற்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழைய கம்பிகள் சேராது.

வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற சைக்கிளாக இருந்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். துரு அரித்திருந்தால் கம்பியும் புதிதாகத்தான் போட வேண்டும்.

இனி வேலை. டயர், டியூப், ரிம் டேப்பைக் கழற்றுங்கள். ஃப்ரீவீலைத் தொட வேண்டாம். ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊறட்டும். எல்லாவற்றையும் சுற்று முறையில், ஒவ்வொரு முறையும் ஒரு திருகு வீதம் தளர்த்துங்கள்.

புது ரிம்மைப் பழையதன் மேல் ஒட்டினாற்போல வைத்து நான்கு இடத்தில் டேப் சுற்றுங்கள். வால்வு ஓட்டை வால்வு ஓட்டைக்கு நேராக வரட்டும். அதற்கு அடுத்த ஓட்டை இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு கம்பியைப் பழைய ரிம்மிலிருந்து எடுத்து, பக்கத்து ஓட்டையில் விட்டு, புது நிப்பிளை நான்கைந்து திருகு போடுங்கள். பிறகு அடுத்த கம்பி. பின்னல் கலையாமல் அப்படியே இடம் மாறிவிடும். இதற்கு அவசரம் கூடாது, ஒரு மதியத்தை ஒதுக்குங்கள்.

எல்லாம் மாறியதும் கம்பியின் மரை நிப்பிளுக்குள் மறையும் வரை எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகுங்கள். டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் இறுகும். அதன் பிறகு சுற்றுக்கு அரைத் திருகுதான்.

அடுத்தது கோட்டம் எடுப்பது, அதாவது வீல் நெளியாமல் நேராகச் சுற்ற வைப்பது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வீலை மாட்டுங்கள். பிரேக் கட்டையே அளவுகோல். ரிம் இடப்பக்கம் உரசினால் அந்த இடத்தில் வலது கம்பிகளைக் கால் திருகு இறுக்கி, இடது கம்பிகளைக் கால் திருகு தளர்த்துங்கள். பின் வீலில் வலது கம்பிகள்தான் அதிகம் இறுகியிருக்கும், அது இயல்பு. ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டினால் ஏறக்குறைய ஒரே சத்தம் வர வேண்டும். கட்டைச் சத்தம் வரும் கம்பி தளர்ந்திருக்கிறது.

முடிந்ததும் அருகருகே உள்ள கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழியுங்கள். முறுக்கிக்கொண்டிருந்த கம்பி “டிக்” என்று விடுபடும். கோட்டம் மறுபடி கொஞ்சம் வரும், அதையும் எடுங்கள். ரிம் டேப் எல்லா ஓட்டையையும் மூடட்டும். பிரேக் கட்டையில் பதிந்த மணலை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் புது ரிம்மையும் அதுவே தின்றுவிடும்.