எண்ணெய் ஓவியத்திற்கான பலகையைத் தேர்ந்தெடுத்துப் பதப்படுத்தும் முறை

எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச்செல்ல நெகிழ்வை இழந்து இறுகிவிடும். ஓவியம் தீட்டும் துணியோ (கேன்வாஸ்) காற்றிலுள்ள ஈரத்திற்கேற்பத் தளர்வதும் விறைப்பதுமாக இருப்பதால், அதன் மேலுள்ள வண்ணப்படலம் காலப்போக்கில் வெடிக்கிறது. அசையாத தளத்தை ஓவியர்கள் நாடுவது இதனால்தான். ஆனால் மரப்பலகையும் முற்றிலும் அசையாத பொருளன்று. பாப்லர் பலகையில் தீட்டப்பட்ட மோனா லிசாவின் பலகையே வளைந்து, மேற்பகுதியில் விரிசலும் கண்டிருக்கிறது.

ஆகவே, நன்கு உலர்ந்த பழைய மரம் கிடைத்தாலன்றி, ஒற்றை மரப்பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளைவுட் உறுதியானதுதான்; ஆனால் அதன் மேலடுக்கில் நாளடைவில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும் என்பதால், அதன்மேல் மெல்லிய துணியை ஒட்டிக்கொள்வது நல்லது. மரநார்த் தூளைப் பிசினுடன் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் ஹார்ட்போர்டும் சீரான பரப்புடையவை, மரத்தைப்போல ஒரு திசையில் மட்டும் விரிபவையல்ல. எனினும் எம்.டி.எஃப்.பின் விளிம்புகள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். அதை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் முகக்கவசம் கட்டாயம். ஈரத்தைச் சற்றும் பொருட்படுத்தாத தளம் வேண்டுமெனில் இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் வைத்துச் செய்யும் அலுமினியக் கூட்டுத் தகடே சிறந்தது. மெல்லிய பலகை பெரிதாக இருந்தால், பின்புறம் மரச்சட்டம் ஒட்டி வலுவூட்ட வேண்டும்.

முதலில் பரப்பை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசியை அகற்றுங்கள். தகடாக இருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப்பசையையும் நீக்க வேண்டும். மரவகைப் பலகைகளுக்கு அடுத்த படி, நுண்துளைகளை மூடும் அடைப்புப் பூச்சு. இதை விட்டுவிட்டால், மரத்திலுள்ள நிறப்பொருள்கள், வண்ணத்திற்கு அடித்தளமாகப் பூசும் வெண்பூச்சான ஜெஸ்ஸோவின் நீரில் கரைந்து மேலேறி வெண்மையை மஞ்சளாக்கிவிடும். அக்ரிலிக் அடைப்புப் பூச்சை இரண்டு முறை பூசுங்கள். முன்புறம் மட்டுமன்றிப் பின்புறத்திலும், விளிம்புகளில் இன்னும் தாராளமாகவும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், ஈரம் மறுபக்கத்தின் வழியே ஏறியிறங்கிப் பலகையை வளைத்துவிடும். பலரும் சோம்பலால் தவிர்ப்பது இந்தப் பின்புறப் பூச்சைத்தான்.

பிறகு அக்ரிலிக் ஜெஸ்ஸோவை மெல்லிய படலங்களாக, ஒன்றுக்கொன்று குறுக்குத் திசையில், மூன்று அல்லது நான்கு முறை பூசி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் மெதுவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிபோல வழவழப்பாக்கிவிட்டால் வண்ணத்திற்குப் பிடிமானம் இராது. விரலுக்குச் சற்றே சொரசொரப்புத் தட்டுப்பட வேண்டும். சுவர்ப்பூச்சுக்கான மலிவான பிரைமரை ஜெஸ்ஸோவுக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். கடைசிப் படலம் தொடுவதற்கு உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற மூன்று நாள்களாவது விட்டுவைத்த பின்னரே எண்ணெய் வண்ணத்தைத் தொடங்குங்கள்.