எம்ஜிபி காரில் பேட்டரி ஃபுல், ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை: என் அனுபவம்

என்னுடையது 1972 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், தொடர் இணைப்பில். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரவு முழுக்க சார்ஜ் போட்டாலும் காலையில் அதே கதை.

ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் அனுப்பும் சுவிட்சான சாலினாய்டை மாற்றினேன், பயனில்லை. எஞ்சினை வண்டி பாடியோடு இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பைத் தேய்த்து மாட்டினேன். வண்டி நிற்கும்போது கரண்ட் கசிவு 20 மில்லிஆம்பியர்தான். கிருஷ்ணகிரியில் இரண்டு எலக்ட்ரீஷியன்களும் புது பேட்டரி போடச் சொன்னார்கள்.

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. இந்த மாதிரிக் கோளாறுக்கு லோடு இல்லாமல், அதாவது ஸ்டார்ட்டர் கரண்ட் இழுக்காதபோது, அளந்தால் மட்டும் போதாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி அளந்தேன். ஒவ்வொரு பேட்டரியிலும் 5.1, கூட்டினால் 10.2. ஆனால் இரண்டின் வெளிமுனைகளுக்கு இடையே 8.7தான். மீதி 1.5 வோல்ட், பேட்டரிகளை இணைக்கும் குட்டிக் கேபிளில் காணாமல் போகிறது! 0.2க்கு மேல் போகவே கூடாது.

அந்தக் கேபிள் வெளியே பளபளப்பு, லக்கை (கேபிள் முனையின் உலோக இணைப்பை) ஒட்டிய உறையைக் கீறினால் உள்ளே பச்சைக் களிம்பு. அதற்குப் பதில் 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள், அழுத்திப் பொருத்திய லக், மேலே வாஸ்லைன் என்று புதிதாகப் போட்டேன். முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்தபிறகே. முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி அந்த லக்கில்தான் இறங்கும். நம்மூர் உப்பு போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது.