பிஎச்டிக்கு எந்தக் கம்பஸ் என்று கேட்பவர்களுக்கு

சிறப்புப் பட்டப் பெறுபேறு வந்த கையோடு எனக்கு வாட்ஸப்பில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, பிஎச்டிக்கு எந்தக் கம்பஸ் நல்லது?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கம்பஸ் நுழைவுக்கான ஏஎல் பரீட்சைக் காலத்திலிருந்தே இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று வளர்ந்தவர்கள் நாங்கள், கூடப் புள்ளி கேட்கும் இடம் நல்ல இடம், அவ்வளவுதான் கணக்கு. அதே கணக்கை உலகத் தரவரிசைப் பட்டியலிலும் போட்டு, மேலே இருந்த பத்து இடத்துக்கு விண்ணப்பித்து, பத்துக்கும் டொலரில் கட்டணம் கட்டி, ஒன்றிலும் கிடைக்காமல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற ஆள் நான். ஆகவே கொஞ்சம் கேளுங்கள்.

அந்தப் பட்டியல்கள் ஒரு பல்கலைக்கழகத்தை முழுதாக எடை போடுகின்றன. வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், மற்ற ஊர்ப் பேராசிரியர்கள் அதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் சேரும். நீங்கள் ஐந்து வருடம் இருக்கப்போவதோ ஒரே ஒருவருடைய ஆய்வுகூடத்தில். ஆளைத் தேடுங்கள்.

ஆளைத் தேட முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதத் தெரிய வேண்டும். "இரசாயனம்" என்று எழுதினால் அது வரியில்லை. எங்கள் யாழ் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரையே எடுங்கள்: கீழே சுண்ணக்கல், மேலே தோட்டம், தோட்டத்துக்குப் போடும் பசளையின் நைத்திரேற்று கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. இதில் ஒருவருக்கு நீர் பாறைக்குள் எப்படி ஓடுகிறது என்பதில் ஆசை, இன்னொருவருக்கு நைத்திரேற்றை எப்படி அகற்றுவது என்பதில், மூன்றாமவருக்கு அதை அளக்கும் உணரியைச் செய்வதில். மூன்று பேரும் போகவேண்டியது மூன்று வெவ்வேறு துறைகளுக்கு. உங்கள் வரி எழுதியானதும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைத் தேடுங்கள். இரசாயனம், உயிரியல் போன்றவற்றில் கடைசியில் இருக்கும் பெயர்தான் பெரும்பாலும் ஆய்வுகூடத் தலைவர், முதலில் இருக்கும் பெயர் வேலையைச் செய்த மாணவர். (கணிதக்காரர்கள் பெயர்களை அகரவரிசையில் போடுவார்கள், அங்கே இந்த வித்தை எடுபடாது.) பதினைந்து பெயர் சேர்ந்தால் போதும்.

பிறகு நாடு. இது விசா விசயம் மட்டுமில்லை, படிப்பின் அமைப்பே மாறும். அமெரிக்காவில் நாலு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே பிஎச்டிக்குப் போகலாம், முதல் ஒன்றிரண்டு வருடம் பாடங்கள், எல்லாமாக ஐந்து ஆறு வருடம் எடுக்கும், உயிரியல் பக்கம் பல இடங்களில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் மாறி மாறி இருந்து பார்த்த பிறகுதான் மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வீர்கள், என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்காதவருக்கு இது பெரிய வசதி. மூன்று வருடப் பொதுப் பட்டம் என்றால் பல இடங்களில் எடுக்கமாட்டார்கள், கட்டணம் கட்டமுதல் கேளுங்கள். பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் நேரே ஆய்வுதான், மூன்றரை நாலு வருடத்தில் முடிக்கச் சொல்வார்கள், தலைப்புத் தெரியாமல் போனால் முதல் வருடமே மூச்சுத் திணறும். பிரித்தானிய அரசின் ஆய்வு நிதியில் வரும் இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம்தான் மேல் எல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஜேர்மனியிலும் நோர்வே, சுவீடன் பக்கமும் பெரும்பாலும் முதுமாணி (மாஸ்டர்ஸ்) முதலில் வேண்டும், ஆனால் அங்கே பிஎச்டி என்பது பல இடங்களில் சம்பளத்தோடு ஒரு வேலை, வேலை விளம்பரம் மாதிரியே வரும். ஜப்பான் அரசுப் புலமைப்பரிசிலுக்கு (எங்கள் விரிவுரையாளர்கள் இன்னும் மொன்புஷோ என்றுதான் சொல்வார்கள்) இரண்டு வழி, ஒன்று தூதரகம், மற்றது அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

கனடாவுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கே வழக்கமாக முதுமாணி முதல், பிறகு பிஎச்டி. விஞ்ஞானத்தில் ஆய்வேட்டோடு செய்யும் முதுமாணிக்குப் பொதுவாக அவர்களே காசு தருவார்கள், பாடம் மட்டும் படிக்கும் முதுமாணிக்கு நீங்கள்தான் கட்டவேண்டும். இணையத்தளத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரித் தெரியும். காணியை ஈடு வைத்துப் பிழையானதற்குப் போன ஒரு பெடியனை எனக்குத் தெரியும்.

சரி, பதினைந்து பெயர் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஆய்வுக் குழுவின் பக்கத்திலும் பழைய மாணவர் பட்டியலைப் பாருங்கள்: எந்த வருடம் சேர்ந்தார், எந்த வருடம் முடித்தார், இப்போது எங்கே. வேலைக்குப் போக விரும்புகிறவருக்கு, பழைய மாணவர் எல்லாரும் கம்பனிகளில் இருப்பது நல்ல அறிகுறி. பட்டியலே இல்லாவிட்டால், அல்லது மூன்றாம் வருடத்தோடு சிலருடைய பெயர் மறைந்துவிட்டால், ஏன் என்று கேட்கவேண்டும். பழைய ஆய்வேடுகளின் நன்றியுரையையும் வாசியுங்கள். மேற்பார்வையாளருக்கு ஒரு வரி, பூனைக்கு ஒரு பந்தி என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆள் இளையவரா மூத்தவரா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியருக்கு வழக்கமாக ஆறாம் வருடம் அளவில் பதவி நிரந்தரமாகுமா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். அதற்கு முன் அவர் உங்களோடு ஆய்வுகூடத்திலேயே நின்று கற்றுத் தருவார், கூடவே விரட்டவும் செய்வார், பதவி நிரந்தரமாகாவிட்டால் நீங்களும் அந்தரத்தில். மூத்தவரிடம் காசும் பெயரும் இருக்கும், ஆளைக் காண்பது அரிது. இரண்டாம் தடவை விண்ணப்பித்து எனக்கு இடம் கிடைத்தபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை, இரண்டாம் வருடம் நடுவில் மேற்பார்வையாளர் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனார், கூடப் போவதா தலைப்பை மாற்றுவதா என்று ஆறு மாதம் வீணாய்ப் போனது. ஆகவே உங்கள் தலைப்புக்குக் கிட்ட குறைந்தது இரண்டு மூன்று பேராவது வேலை செய்யும் துறைக்கே போங்கள்.

ஈமெயில் எழுதும்போது நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், வாசித்தவுடன் தெரிந்துவிடும். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு விளங்காத ஒன்றைக் கேட்டு, நீங்கள் செய்த ஆய்வை நாலு வரியில் சொல்லி, மாணவர் எடுக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு கிழமை பதில் இல்லையென்றால் இன்னொரு தடவை, பிறகு விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் இப்போதுள்ள மாணவர்களோடு கதைப்பது, அதுவும் மேற்பார்வையாளர் இல்லாத அழைப்பில். பனிக்காலத்தில் நியூயோர்க்கில் இரவு எட்டு மணி என்றால் இங்கே காலை ஆறரை, எழும்புங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பார், ஆய்வு நிதி முடிந்தால் என்ன நடக்கும், யாராவது பட்டம் எடுக்காமல் விலகினார்களா, ஊருக்கு ஒரு மாதம் வரவிடுவாரா என்று கேளுங்கள். கடைசியாக, "திரும்பத் தொடங்கச் சொன்னால் இதே ஆளிடம் வருவீர்களா?" இதற்கு ஒரு அக்கா எனக்குச் சொன்ன பதில் "ம்ம்... அவர் நல்ல விஞ்ஞானி." நான் அந்த இடத்தை வெட்டிவிட்டேன்.

காசு. மாதக் கொடுப்பனவு ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டுக்கா என்று பாருங்கள், கோடை மூன்று மாதத்தில்தான் பலர் அடிபடுவது. கற்கைக் கட்டணம் முழுதாக விலக்கா, மருத்துவக் காப்புறுதி உள்ளேயா வெளியேயா என்பதும் வேண்டும். பொஸ்டனில் அதிகம் தருகிறார்கள் என்று மயங்காமல் அந்த ஊரில் ஒரு அறை வாடகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். "ரொறன்ரோவுக்கு வா, எங்களோட இருக்கலாம்" என்று ஸ்காபரோச் சித்தி சொல்வார், அன்பில்தான் சொல்கிறார், ஆனால் வாடகை மிச்சம் என்பதற்காக ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்யாதீர்கள்.

வெளியே போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. பேராதனையில் விஞ்ஞான முதுநிலைப் பட்ட நிறுவனம் இருக்கிறது, கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராக இருந்துகொண்டே பட்டத்துக்குப் பதியலாம். எங்கள் யாழ்ப்பாணக் கம்பஸ் பௌதிகவியல் துறை சூரியக்கல ஆய்வில் நோர்வேயோடு சேர்ந்து வேலை செய்கிறது, அப்படியான கூட்டுத் திட்டம் வழியாக வெளியே போவதும் ஒரு வழி.

அமெரிக்காவில் இரண்டு மூன்று இடம் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். நிதியுதவியோடு வரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல வற்புறுத்தக்கூடாது என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன, எங்களுக்கு அது சித்திரை வருசப் பிறப்புக்கு அடுத்த நாள் என்பதால் மறக்காது. ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்த இடங்களுக்கு அதுவரை காத்திராமல் அன்றைக்கே எழுதிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பட்ச்காரரே இருக்கக்கூடும்.