பழப்பால் திரியாமலும் கசக்காமலும் இருக்க

பிள்ளைகளுக்குப் பழப்பால் கலக்கும் வீடுகளில் இரண்டு தொல்லைகள் மாறி மாறி வரும். ஒருநாள் பால் திரிதிரியாகிவிடும். இன்னொரு நாள், காலையில் தேனாய் இனித்த பப்பாளிப் பால், பிள்ளை பள்ளிவிட்டு வரும் நேரத்தில் கசந்து கிடக்கும். பழத்தைத் தனியே கூழாக்கி வைத்துக்கொண்டு, குடிக்கப்போகும் நேரத்தில் மட்டும் குளிர்ந்த பாலில் சேர்த்தால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் ஒழிந்துவிடும். கூழும் பாலும் இரண்டுமே சில்லென்று இருக்க வேண்டும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் பழத்தின் புளிப்பு அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

அடிப்படை அளவு எளிது. 200 மில்லி பாலுக்கு 100 கிராம் கூழ் எடுத்தால் சிறு பிள்ளைகள் இருவருக்கு ஆளுக்கு 150 மில்லி கிடைக்கும். புளிப்புள்ள பழமென்றால் கூழைக் குறைக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம். பேரங்காடியில் குளிர்ப்பெட்டியில் இருக்கும் பால் நல்லது. வெளித்தட்டில் அடுக்கியிருக்கும் நீண்டநாள் பாலில் காய்ச்சிய வாடை கொஞ்சம் இருக்கும். மாம்பழத்தோடு அது தெரியாது, ஸ்ட்ராபெரியோடு தெரியும். இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கொழுப்பு நீக்காத பால் கொடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்தப் பானங்கள் எதுவும் வேண்டாம். தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகளைக் கைக்குழந்தையின் குடல் தாங்காது.

மாம்பழத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதில் தவறு நேர்வது குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் பங்கனப்பள்ளியும் அல்போன்சாவும் வந்து குவியும். மற்ற மாதங்களில் தாய்லாந்துப் பழம் போதும். காம்புப் பக்கம் மூக்கருகே வைத்தால் மணம் வர வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமிழ வேண்டும். கொட்டையை ஒட்டிய சதையில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். அங்கே புளித்தால் அந்தப் பழம் இன்னும் இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் இருக்கட்டும். அரைத்த கூழை வடிகட்டியில் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து எடுங்கள். நார் தொண்டையில் தட்டினால் பிள்ளை அடுத்த வாய் குடிக்காது. ஒரு சிட்டிகை ஏலப்பொடி போதும், சர்க்கரை தேவையில்லை.

சர்க்கரைக் கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 200 மில்லி பாலில் இயல்பாகவே 10 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரை உண்டு. 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம். ஆக, எதுவும் போடாமலே 100 மில்லிக்கு 8 கிராம் வந்துவிடுகிறது. 2022 டிசம்பர் 30 முதல் நம் கடைகளில் விற்கும் புட்டி, பொட்டலப் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ தரம் (‘ஏ’ முதல் ‘டி’ வரை, ‘டி’தான் கடைசி) இருக்கிறது. அதில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை இருந்தால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் வீட்டு மாம்பழப் பாலும் 100 மில்லிக்கு 10 கிராமைத் தாண்டிவிடும். வீட்டில் செய்தது என்பதாலேயே பெரிய கோப்பை நிறையக் கொடுக்கலாம் என்றில்லை. குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்கு மந்தமாகத்தான் தெரியும். அதனால் அரைத்த உடனே ருசிபார்த்துச் சர்க்கரையை அள்ளாமல், நன்றாகக் குளிர்ந்தபின் ஒரு துளி உப்புச் சேர்த்துப் பாருங்கள், பழத்தின் இனிப்பு மேலே எழும்பி வரும்.

அதிகக் கவனம் கேட்பது ஸ்ட்ராபெரி. பாலின் புரதமான கேசீன், கலவையின் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-ஐ நெருங்கும்போது கட்டிக்கொள்ளும். ஸ்ட்ராபெரியின் பிஎச் மூன்றரையை ஒட்டி இருப்பதால், பச்சையாக அரைத்து அதிகமாகக் கொட்டினால் திரியத்தான் செய்யும். ஆகவே வேகவைத்துச் சுருக்கி, குறைந்த அளவில் அதிக மணம் கிடைக்கும்படி செய்ய வேண்டும். 200 கிராம் பழத்தைக் காம்பு நீக்கி நான்காக நறுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறுதீயில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதோடு ஒத்துப்போகாது. மூன்று நிமிடத்தில் சாறு பிரிந்து நுரைக்கும். ஏழெட்டு நிமிடத்தில் துண்டுகள் குழைந்து, கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி நின்று மூடும். அங்கே இறக்கிவிடுங்கள். மேலும் விட்டால் ஜாம் மணம் வந்துவிடும். வடிகட்டி, ஆறவைத்து, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தபின் 150 மில்லி பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி மட்டும் சேருங்கள். பாலைக் கலக்கிக்கொண்டே கூழைச் சிறிது சிறிதாக விட வேண்டும். கூழின்மேல் பாலை ஊற்றினால், முதலில் விழும் கொஞ்சப் பால் அத்தனை புளிப்பையும் தனியாகத் தாங்க நேரும், அங்கேயே திரியத் தொடங்கும்.

நிறம் மங்கலான ஊதா கலந்த இளஞ்சிவப்பாக வரும். பழத்தின் சிவப்புச் சாயம், புளிப்புக் குறைந்த பாலுக்குள் போனதும் அப்படித்தான் மாறும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிறு பிசிறுகள் தெரிந்தாலும், பாலும் பழமும் புதியவையாக இருந்தால் தீங்கில்லை, வடிகட்டிக் கொடுக்கலாம்.

பப்பாளி கசப்பதற்குக் காரணம் வேறு. அதிலுள்ள பப்பைன் என்னும் நொதி பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. அன்னாசியிலும் கிவியிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. உறையவைத்தால் நொதி தூங்குமே தவிரச் சாகாது, பாலில் விழுந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். சூடுதான் அதை அடக்கும். பப்பாளித் துண்டுகளை ஐந்து நிமிடம் ஆவியில் நன்றாகச் சூடேற வைத்து, ஆறவைத்து அரையுங்கள். அதற்கு நேரமில்லையா, பச்சையாக அரைத்துக் கலந்து கோப்பையைக் கையில் கொடுத்து, அங்கேயே குடிக்கச் சொல்லுங்கள். அன்னாசியைப் பாலோடு சேர்க்காமல் பழமாகவே கொடுப்பது நல்லது. நொதியை வேகவைத்து அடக்கினாலும் புளிப்பு அப்படியே இருக்கும்.

வாழைப்பழப் பாலுக்குப் பிசாங் மாஸ் என்னும் சின்ன வாழைப்பழம் இரண்டு போதும், தோலில் கரும்புள்ளி விழுந்ததாக இருக்கட்டும். அரைத்த ஒரு மணி நேரத்தில் பழுப்பேறும், ஆகவே வைத்துக் கொடுக்க இது உதவாது. பிளெண்டரை முப்பது நொடிக்கு மேல் ஓட்டினால் காற்றடைத்து நுரைதான் மிஞ்சும். சிவப்பு டிராகன் பழம் பார்க்க அழகு, ருசி குறைவு. 70 கிராம் டிராகன் பழத்தோடு 30 கிராம் வாழைப்பழம் சேர்த்தால் சரியாகும். அதைச் சூடாக்கினால் நிறம் வெளுக்கும். மறுநாள் பிள்ளையின் மலம் சிவந்திருந்தால் பதற வேண்டாம், அது பழத்தின் சாயம். அவகாடோவுக்கு 200 மில்லி பாலில் 60 கிராம் போதும், ஊறவைத்த பேரீச்சம்பழம் ஒன்றை அரைத்துச் சேருங்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுதும் ஓடும். மாம்பழம், ஸ்ட்ராபெரி, ஆவியில் வைத்த பப்பாளி ஆகியவற்றின் கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் மாற்றித் தேதி எழுதுங்கள். உங்கள் தட்டின் ஒரு குழி எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்துகொண்டால் பிறகு கணக்குச் சுலபம். இந்தக் கட்டிகளே ஐஸின் வேலையையும் செய்வதால் பால் நீர்த்துப்போகாது. பாலில் போட்டுக் கரையவிடுங்கள், பிறகு ஒரு கலக்கு. கட்டி முழுதாகக் கரைந்தபின்தான் சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். சவ்வரிசி முத்துகளைப் போட்டுத் தடித்த ஸ்ட்ரா கொடுப்பது சின்னஞ்சிறுவர்களுக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

நம் ஊர் வெயிலில் கலந்த பழப்பாலைப் பள்ளிப் பைக்குள் போட்டு அனுப்பாதீர்கள். குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். பிளெண்டரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் கழற்றித் தேயுங்கள். கழுவிய பாத்திரத்தில் அரைத்த பாலும் மறுநாள் புளிக்கிறதென்றால், பழைய பால் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்த வளையத்தின் பள்ளத்தில்தான்.