பெட்டியில் வந்த ஆன்டிபயாடிக் அட்டையைப் பிரிக்கும் முன்

டாக்டரிடம் பதிவு செய்வது, மருந்துச்சீட்டை பார்மசியில் கொடுத்து மருந்து வாங்குவது எல்லாம் வெளிநாட்டுக்கு வந்த சில நாளிலேயே பழகிவிடும். காய்ச்சல், தொண்டை வலி என்று போனால் ஆன்டிபயாடிக் எழுதாமல் அனுப்புவார்கள் என்பதுதான் பலருக்குப் பழகாது. அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவிடம் மட்டுமே வேலை செய்யும்.

அந்த எரிச்சலில்தான் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ஆன்டிபயாடிக் அட்டை வெளியே வருகிறது. பெரிய வம்பும் அங்கேதான். சிறுநீர் எரிச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டு வேளை போட்டுப் பார்த்துவிட்டு, குறையவில்லை என்று டாக்டரிடம் போனால், கல்சரில் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கிருமி வளராமல் போகலாம். தொற்று தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. சிறுநீரில் இருக்கும் மருந்து கிருமியை ஆய்வகத் தட்டில் வளரவிடவில்லை, அவ்வளவே. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்ற விடையும் அதோடு போய்விடும். டைபாய்டுக்கான ரத்த கல்சரிலும் இதே கதை. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும் என்பதால், காசநோயைக் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மி.கி., கடைசி வேளை எப்போது. காய்ச்சல் என்றால் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். மலேரியா, டைபாய்டு எல்லாம் இங்குள்ள டாக்டர்கள் தினமும் பார்க்கும் நோய்களாக இருக்காது.

அடுத்த சிக்கல் பெயரிலும் எண்ணிலும். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலமருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் "625" என்று அறிந்த மாத்திரை, இங்கே "500/125" என்று இருக்கலாம்: 500 மி.கி. அமாக்சிசிலின், 125 மி.கி. கிளாவுலானிக் அமிலம். இரண்டும் ஒன்றுதான், டோஸ் குறையவில்லை. ஆனால் 250/125 இரண்டு சேர்ந்தால் ஒரு 500/125 ஆகாது. கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகி வயிற்றைக் கலக்கும். பென்சிலின் அலர்ஜி உள்ளவர்கள் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், க்ளாக்சசிலின் எல்லாம் அதே குடும்பம் என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆக்மென்டின் என்ற பெயரைப் பார்த்தால் உள்ளே பென்சிலின் வகை மருந்து இருப்பது தெரியவே தெரியாது. அதேசமயம், முன்பு ஒருமுறை வயிறு கலங்கியதை அலர்ஜி என்று எழுதவைக்காதீர்கள். பிறகு தேவைப்படும்போது நல்ல மருந்து கிடைக்காமல் போகும். உடலெங்கும் தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சுத்திணறல் ஆகியவைதான் அலர்ஜி. பின்னிரண்டில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ்.

குழந்தைகளின் அமாக்சிசிலின் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு அடர்த்தி உண்டு. "எப்போதும் 5 மில்லிதான்" என்று கொடுத்தால் டோஸ் இரட்டிப்பாகலாம், பாதியாகவும் போகலாம். சமையலறைக் கரண்டி வேண்டாம், பார்மசியில் மருந்து ஊட்டும் சிரிஞ்ச் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். தண்ணீரில் கலக்கிய சிரப்பின் ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 14 நாள். லேபிளில் உள்ள தேதிக்குப் பிறகு கொடுக்கக் கூடாது.

சாப்பிடும் முறை மருந்துக்கு மருந்து வேறு. ஆக்மென்டின் சாப்பாட்டின் தொடக்கத்தில். டாக்சிசைக்ளின் என்றால் ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது; உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடோ தயிரோடோ விழுங்கினால் கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. கால்சியம், இரும்பு மாத்திரை, ஆன்டாசிட் சாப்பிடுகிறவர்கள் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போடும்போது குதிகால் தசைநாணில் வலி வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் டாக்டரை அழையுங்கள். மெட்ரோனிடசோல் நாட்களில் மது வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எந்த ஆன்டிபயாடிக் என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்துக்கூட நீராகப் பேதி போகலாம். கடையில் கிடைக்கும் பேதியை நிறுத்தும் மாத்திரையால் அதை அடைக்காமல், சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தேன் என்று சொல்லி டாக்டரிடம் மலப்பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.